ஊசி ஜீரோவுலதான் நிக்குது

கொஞ்சம் எந்திரிங்க தம்பி. ஜன்னலோரம் நான் போயிடறேன், நீங்க என் வலது பக்கம் வந்துடுங்க. காத்துக்காகத்தான், வேற ஒண்ணும் இல்லை. முதல்ல வந்து இடம் பிடிச்சது நீங்கதான், ஒத்துக்கறேன். அதுக்குத்தான் கடலை வாங்கியிருக்கேன், ஆளுக்குப் பாதி. பொறுங்க, உங்க பங்கை எதுலயாவது கொட்டித் தர்றேன். ஜோப்புல ஒரு தாள் கிடக்குது. ஒண்ணுக்கும் ஆகாத தாள். இந்தாங்க, சுருட்டியாச்சு, பிடிங்க.

காதுல மாட்டியிருக்கற அந்தக் குமிழைக் கழட்டி வெச்சிடுங்க. உங்க வயசுல காதைக் கெடுத்துக்கிட்டா என் வயசுல என்ன பண்ணுவீங்க? எனக்கு அம்பத்திமூணு. காது எப்படி இருக்குதுன்னு நினைக்கறீங்க? கண்ணாடி மாதிரி. இந்தக் கண்டக்டரைப் பாருங்க, பக்கத்துல வந்து ஊமை மாதிரி நின்னு தோளைத் தட்டறாரு. டிக்கெட்டுன்னு வாயைத் திறந்து கேட்டா என்னங்க? இப்பெல்லாம் யாரும் வாயைத் திறக்கறதில்லை.

சங்ககிரி ஒண்ணுங்க. பை-பாஸ்லயே இறக்கிவிட்டாப் போதும்.

மடியில என்னன்னுதானே பார்க்கறீங்க? துண்டுல சுத்தியிருக்கறதால துப்பாக்கின்னு நினைச்சிட்டீங்களா? அவிநாசி தாண்டட்டும், பிரிச்சுக் காட்டறேன். டார்க் ரெஞ்சுங்க. நட்டு முறுக்கறதுக்கு சாதா ஸ்பேனர் போதும். எவ்வளவு முறுக்கணும்னு ஒரு அளவு இருக்குது பாருங்க, அதைச் சொல்றதுதான் இது. குறைச்சு முறுக்கினா இன்ஜின் உள்ளே இருக்கற புகையும் தண்ணியும் வழி தேடி வெளியே வந்துடும். கூட முறுக்கினா போல்ட் ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுபட்டு ஒரு நாள் அறுந்துக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குது. அந்த இடத்துல நிறுத்தறவன்தான் ஃபிட்டர். மத்தவனெல்லாம் கூலிக்கு முறுக்கறவன்.

இப்ப கடையில விக்கறதெல்லாம் 'டக்'குனு சத்தம் போடற சாதி, இல்லாட்டி நம்பர் மினுக்கற சாதி. இது பழசு. நீளமா ஒரு கம்பி, அதை ஒட்டாம மேலாப்புல ஒரு மெல்லிசு ஊசி. முறுக்க முறுக்கக் கம்பி வளையும், ஊசி வளையாது. கைப்பிடிகிட்ட ஒரு தகடு, தகடு மேல நம்பர். ஊசி எந்த நம்பருக்கு நேரா நிக்குதோ அதுதான் அளவு. உள்ளே ஸ்பிரிங் இல்லை, பேட்டரி இல்லை, பொய் இல்லை. உக்கடம் பழைய இரும்புக் கடையில, மூடின மில்லுல இருந்து வந்த சாமானோட சாமானா துரு ஏறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சு வெளிச்சத்துல பிடிச்சேன், ஊசி ஜீரோவுல போய் நின்னுச்சு. இது என்னுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. இதை எப்படிப் பிடிக்கணும்னு எவனும் எனக்குச் சொல்லித் தரலை. நானா அறுத்தேன் பத்து போல்ட்டு, நானா கத்துக்கிட்டேன். கைப்பிடி நடுவுல ஒரு ஆணி இருக்குது, அதுமேலதான் பாரம் விழணும். வெடுக்குனு இழுக்கக்கூடாது, தூங்கற குழந்தையைத் தூக்கற மாதிரி இழுக்கணும். அப்புறம் முக்கியமா, போல்ட் பேசறதைக் கேட்கணும்.

சிரிக்காதீங்க. பேசும். ஆனா அதைக் காதால கேட்கறதில்லை, கையால கேட்கறது. தலையை இப்படி ஒரு பக்கமா சாய்ச்சு, வலது காதைப் போல்ட்டுப் பக்கம் குடுத்து, ஓரக்கண்ணால ஊசியைப் பார்த்துக்கிட்டே இழுக்கணும். இருபத்தாறு வருஷமா அப்படித்தான் இழுக்கறேன்.

சங்ககிரியில ஒரு தனியார் பஸ் ஷெட்டுல ராத்திரி ஃபிட்டருங்க நான். செங்கோடன்னு கேட்டா ஷெட்டுல யாரும் சொல்லுவாங்க. பகல்ல ஓடற பஸ்ஸெல்லாம் பொழுது சாஞ்சா எங்கிட்ட வந்துதான் மூச்சு விடும். ஊரே டீ குடிச்சுட்டு வேலைக்குக் கிளம்பறப்ப நான் கதவைச் சாத்திப் படுக்கறவன். கல்யாணம் காட்சிக்குப் போனா பாதிப் பேருக்கு என் மூஞ்சி தெரியாது, வெளியூர் ஆளான்னு கேட்பான். அது கிடக்குது. எனக்குன்னு ஒரு மரியாதை இருந்துச்சு. அதுதான் மஞ்சள் டப்பா.

எங்க ஷெட்டுல ஒரு வழக்கம். இன்ஜின் பிரிச்சுக் கோத்தா, கடைசியில ஹெட் போல்ட்டை, அதாவது இன்ஜின் தலைமூடியைப் பிடிக்கற போல்ட்டை, அளவா முறுக்கி முடிக்கறவன் ஒவ்வொரு போல்ட் தலையிலயும் மஞ்சள் பெயிண்டால ஒரு கீத்து இழுப்பான். 'இது என் பொறுப்பு'ன்னு அர்த்தம். அந்தக் கீத்து விழாம எந்தப் பஸ்ஸும் கேட்டைத் தாண்டாது, முதலாளியே சொன்னாலும் தாண்டாது. டப்பா ஒண்ணே ஒண்ணுதான். பதினெட்டு வருஷமா அது என் பெட்டியில. சம்பளம் எல்லாருக்கும் வருது தம்பி, டப்பா ஒருத்தன்கிட்டதான் இருக்கும்.

அந்த டப்பா போச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். கடலை சாப்பிடுங்க.

ஆடி மாசம் புதுசா ஒரு இன்ஜினியர் மேடம் வந்தாங்க. யாழினி. இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும், நல்ல பொண்ணு, குறை சொல்லமாட்டேன். ஒரே குறை, வாய்க்குள்ளயே பேசும். வந்த மூணாம் நாள், ஷிப்ட் மாத்தற நேரத்துல, வெல்வெட் பெட்டியில ஒரு புது ரெஞ்ச் கொண்டுவந்து குடுத்தாங்க. டக் சாதி. அடியில திருகி நம்பர் வெச்சுட்டா, அந்த அளவு வந்ததும் அதுவே 'டக்'குனு சொல்லுமாம். சொன்ன உடனே நிறுத்திக்கணுமாம். வேலை முடிஞ்சா நம்பரைக் கீழே இறக்கித்தான் வைக்கணுமாம், இல்லைன்னா ஸ்பிரிங் சோர்ந்துபோயிடுமாம். பாருங்க, அதுக்கு ஓய்வு வேணும். எனக்கு ஒருத்தன் அப்படிச் சொன்னதில்லை.

சரின்னு வாங்கினேன். போல்ட்டுல மாட்டினேன். இழுத்தேன். சத்தம் வரலை. இன்னும் இழுத்தேன். வரலை. மேடம் கையைக் கையை ஆட்டறாங்க, சரி, உற்சாகப்படுத்தறாங்கன்னு நினைச்சு இன்னும் ஒரு பிடி இழுத்தேன். பட்டுனு போல்ட் தலை என் கையோட வந்துடுச்சு.

"மேடம், உங்க ரெஞ்ச் பழுது. கத்தவே இல்லை"ன்னேன்.

மேடம் ஒண்ணும் சொல்லலை. சொன்னாங்களோ என்னமோ. காசிம் பாய்தான் என் முன்னால வந்து நின்னு வாயை அகல அகலத் திறந்து சொன்னாரு. எங்க ஷெட்டு டீசல் பம்ப் மெக்கானிக்குங்க அவரு, எனக்கு ஒரே சிநேகிதர்.

"செங்கோடண்ணே, மூணு தடவை டக்கு டக்கு டக்குன்னுச்சு. கேட்டுல நிக்கற வாட்ச்மேனுக்கே கேட்டுச்சு!"

"பாய், நீங்க மேடத்துக்குச் சாமரம் வீசாதீங்க"ன்னேன்.

"அல்லா மேல ஆணையா, மூணு தடவைண்ணே."

ஆணை வெச்சா பொய் நிஜம் ஆயிடுமா? ஷெட்டுல காத்தடிக்கற கம்ப்ரஸர் ஓடற சத்தத்துல யாருக்குங்க டக்குன்னு கேட்கும்? ஆனா அந்தக் கம்ப்ரஸரும் இப்ப முன்னை மாதிரி இல்லை. என் இடது தோளுக்கு ஒரு அடியிலதான் அது இருக்குது, வந்த நாள்ல இருந்து அங்கேதான். அப்பெல்லாம் பேய் மாதிரி கத்தும். இப்ப ரெண்டு மூணு வருஷமா பூனை மாதிரி ஆயிடுச்சு. யாரோ நல்லா சர்வீஸ் பண்ணியிருக்காங்க.

வீட்டுலயும் இதே கதைதான். எங்க வீட்டுக்காரி பாப்பாத்தி, கட்டிக்கிட்டு வந்தப்ப நாலு வீதிக்குக் கேட்கற மாதிரி பேசினவ. இப்ப மெல்லப் பேசப் பழகிட்டா. வயசாக ஆக அடக்கம் வருது போலன்னு விட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரன் மட்டும் 'டிவியைக் குறைங்க, டிவியைக் குறைங்க'ன்னு சுவத்தைத் தட்டறான். சத்தமே வராத டிவியை எங்கே கொண்டுபோய்க் குறைக்கறது?

எங்கே விட்டேன்? ஆங், போல்ட். அறுந்த போல்ட்டை எடுத்துட்டு, "உங்க டக்கை நீங்களே வெச்சுக்கங்க"ன்னு என் ரெஞ்சை எடுத்து பதினாலு போல்ட்டையும் முறுக்கினேன். ஹெட்டுக்கு நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா சுத்திக்கிட்டே வரணும். ஒரே மூச்சுல இல்லை, மூணு சுத்து. கடைசிச் சுத்துல ஒவ்வொண்ணும் நூத்தி முப்பது. முடிச்சுட்டு, "மேடம், உங்க நம்பர் மினுக்கற மீட்டர் பெட்டியைக் கொண்டுவந்து பார்த்துக்கங்க"ன்னேன். பார்த்தாங்க. பதினாலும் நூத்தி முப்பது! ஒண்ணு கூடப் பிசகலை. மேடம் மூஞ்சியைப் பார்க்கணுமே. மஞ்சள் டப்பாவைத் திறந்து கீத்து இழுத்தேன் பாருங்க, கோலம் போடற மாதிரி.

அத்தோட விட்டிருக்கலாம். ஆவணியில ஆபீஸ்ல இருந்து ஒரு உத்தரவு. அளக்கற சாமான் எதுவா இருந்தாலும் லேப்புல குடுத்து சர்டிபிகேட் வாங்கணும், சர்டிபிகேட் இல்லாத சாமான் ஷெட்டுக்குள்ள இருக்கக்கூடாது. மேடம் எனக்கு நல்லது பண்றதா நினைச்சு, "அண்ணா, கோயம்புத்தூர்ல கணபதிகிட்ட ஒரு லேப் இருக்குது, நீங்களே எடுத்துட்டுப் போங்க"ன்னு தாள்ல எழுதிக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு எனக்கு எல்லாத்தையும் எழுதித்தான் குடுக்கும். படிச்ச பொண்ணு, எழுதறதுல ஒரு ஆசை.

லேப்புல ஸ்ரீதரன்னு ஒரு பையன். ஏசி ரூம்ல வெச்சு என் ரெஞ்சைக் கட்டிப்போட்டு இழுத்துப் பார்த்தான். "ஐயா, இது ஆறு குறைச்சுக் காட்டுது. ஊசி கோணலா இருக்குது. சும்மா இருக்கறப்பவே ஜீரோவுக்குக் கீழே நிக்குது"ன்னான்.

"தம்பி, என் ஊசி ஜீரோவுலதான் நிக்குது. இருபத்தாறு வருஷமா நான் பார்க்கறேன், நீ இன்னைக்குப் பார்க்கறே."

"நேரா மேல இருந்து பாருங்க ஐயா."

"நான் பார்க்கற மாதிரிதான் நான் பார்க்க முடியும்."

கேட்கலை. ஒரு குறடை எடுத்தான், ஊசியைக் கொஞ்சமே கொஞ்சம் நெம்பினான். என் பல்லைப் பிடுங்கற மாதிரி இருந்துச்சு. நெம்பிட்டு, சீல் போட்ட சர்டிபிகேட் ஒண்ணு குடுத்தான். வெளியே வந்து துண்டைப் பிரிச்சுப் பார்க்கறேன், ஊசி ஜீரோவைத் தாண்டி ஆறுல போய் உட்கார்ந்திருக்குது! சும்மா இருக்கற ரெஞ்ச், யாரும் தொடலை, ஆறு காட்டுது! இதுக்கு சர்டிபிகேட்!

மேடத்துகிட்ட சொன்னேன். "அண்ணா, சர்டிபிகேட் வந்தாச்சு, ஊசியை நம்புங்க"ன்னாங்க. சரி, சொன்னா கேட்கற ஆளுங்க நான். ஊசியை நம்பினேன். நூத்தி முப்பதுல நிறுத்தினேன். மூணு பஸ்ஸுக்கு ஹெட் முறுக்கினேன். அதுல ஒண்ணு, ராசிபுரம் வண்டி, ஒரு வாரத்துல ஹெட்டுக்கடியில தண்ணி கக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. மினுக்கற பெட்டியை வெச்சு மூணு வண்டியையும் பார்த்தாங்க. எல்லாம் ஆறு குறைவு. ஒரே மாதிரி ஆறு. கீத்து யார் கீத்து? என் கீத்து.

திட்டலைங்க. திட்டியிருந்தா பரவாயில்லை. மேடம் என் பெட்டிகிட்ட வந்து நின்னாங்க, கையை நீட்டினாங்க. டப்பாவை நானேதான் எடுத்துக் குடுத்தேன். அதைக் கொண்டுபோய் யார் கையில குடுத்தாங்கன்னு நினைக்கறீங்க? காசிம் பாய்! பம்ப்புக்காரர்! அவரு அதை வாங்கி, பச்சைக் குழந்தையை வாங்கின மாதிரி எங்கே வைக்கறதுன்னு தெரியாம நின்னாரு. என்னைப் பார்க்கவே இல்லை. ரெண்டு வாரமா டீக்கு நான் தனியாப் போறேன், அவரு தனியா வர்றாரு. ஒரே கடை, ஒரே பெஞ்சு.

வர்ற வாரம் ஆயுத பூஜை. டப்பாவுக்கு என் கையாலதான் வருஷா வருஷம் பொட்டு வைப்பேன். இந்த வருஷம் பாய் பெட்டியில இருக்கற டப்பாவுக்கு யார் பொட்டு வைக்கறது, சொல்லுங்க? அதை யோசிச்சே எனக்குப் பகல் தூக்கம் போச்சு. நேத்து மேடத்துகிட்ட போய் நின்னேன். "ஒரே ஒரு தடவை"ன்னேன். அவங்க தாள்ல எழுதினாங்க: 'நாளை மறுநாள் காலையில ஆறு போல்ட். உங்க ரெஞ்ச், என் மீட்டர். ஆறும் சரியா வந்தா டப்பா உங்களுக்கு.'

அதான் இன்னைக்கு மறுபடியும் லேப்புக்குப் போனேன், அந்த ஸ்ரீதரனை நாலு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு. "ஏப்பா, நல்லா இருந்ததைக் கெடுத்து வெச்சிருக்கறே"ன்னேன். அவன் மறுபடியும் கட்டிப்போட்டு இழுத்துக் காட்டினான். மிஷினும் நூத்தி முப்பது, ஊசியும் நூத்தி முப்பது, அவன் பார்த்தா. நான் பார்த்தா நூத்தி முப்பத்தாறு. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பார்த்தோம். அப்புறம் அவன் ரெஞ்சை விட்டுட்டு என்னையே பார்க்க ஆரம்பிச்சுட்டான்.

"ஐயா, நீங்க தலையைச் சாய்ச்சுப் பார்க்கறீங்க. ஊசி தகட்டுக்கு மேலே நிக்குது, சாய்ச்சுப் பார்த்தா வேற நம்பர்தான் தெரியும். முன்னாடி ஊசியும் கோணல், நீங்களும் கோணல், ரெண்டும் சேர்ந்து சரியா வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஊசி நேராயிடுச்சு. ஏன் ஐயா சாய்க்கறீங்க?"

"போல்ட் பேசறதைக் கேட்க வேண்டாமா?"

அவன் ஏதோ சொன்னான். வாய்க்குள்ளயே. என்னப்பான்னேன். மறுபடி சொன்னான். என்னப்பான்னேன். அப்புறம் ஒரு தாளை எடுத்து எழுதி என் ஜோப்புல சொருகினான். என்ன எழுதியிருந்தான் தெரியுமா? 'இடது காதை டாக்டரிடம் காட்டவும்'னு எழுதி, கீழே ஒரு டாக்டர் பேரும் நம்பரும். ரெஞ்சு ரிப்பேருக்கு வந்தவன்கிட்ட காதைக் காட்டச் சொல்றான்! கார் பஞ்சரானா கண் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? நீங்க சொல்லுங்க. அந்தத் தாள்லதான் நீங்க கடலை தின்னுக்கிட்டு இருக்கறீங்க. அதுக்காவது ஆச்சு.

அவிநாசி தாண்டி ரொம்ப நேரமாச்சில்ல? பெருந்துறையும் போயிடுச்சு. சரி, இப்ப பிரிக்கறேன். இந்த முனையைக் கெட்டியாப் பிடிங்க. பஸ் ஆட்டத்துல ஆடாம. இதுதான் ஊசி. அழகா இருக்குதில்ல? சர்டிபிகேட் இந்த ஜோப்புல பத்திரமா இருக்குது. இப்ப நீங்க ஒரு நிமிஷம் முன்சீட்டைப் பாருங்க. நீங்க சாட்சியா இருந்தீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது.

கட்டைவிரலால... மெல்ல... ஒரு நூல் அளவு...

திரும்பிக்கலாம். இப்ப எங்கே நிக்குது? ஜீரோ. சுத்தமான ஜீரோ. உங்களுக்கு ஜீரோவுக்குக் கீழே தெரியுதா? நீங்க நேராப் பார்க்கறீங்க, அதான். இப்படி வாங்க, என் தலைகிட்ட உங்க தலையைக் கொண்டுவந்து பாருங்க. ஆங்! இப்பத் தெரியுதா? அதைத்தான் நான் சொல்றேன்! நாளைக்கு மேடம் அவங்க மீட்டரைப் பார்ப்பாங்க, நான் என் ஊசியைப் பார்ப்பேன், ஆறும் நூத்தி முப்பது. லேப்புக்காரனுக்கும் சந்தோஷம், அவன் சீல் இருக்குது. மேடத்துக்கும் சந்தோஷம். டப்பா வீடு வந்து சேரும். யாருக்குங்க நஷ்டம்?

பாய்க்குத்தான் கொஞ்சம் வருத்தம் இருக்கும். இல்லை, இருக்காது. அந்த மனுஷன் ரெண்டு வாரமா ஒரு கீத்து கூட நேரா இழுக்கலை.

ஆமா, சங்ககிரி இன்னும் வரலையா? பவானி தாண்டினது தெரியும். இந்தக் கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லித் தொலைச்சாத்தானே.

என்ன? கையை ஏன் பின்னால காட்டறீங்க?

போயிடுச்சா? எப்ப? நாம ஊசி பார்த்துக்கிட்டு இருந்தப்பவா? அவரு கத்தினாரா? விசில் வேற அடிச்சாரா? உங்களுக்குக் கேட்டுச்சா? நான் இறங்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்னு நீங்க நினைச்சுட்டீங்க. சரி. தப்பு உங்க மேல இல்லை. எத்தனை தடவை கத்தினாரு?

மூணா?

காசிம் பாயும் மூணுன்னுதான் சொன்னாரு.

...

பரவாயில்லைங்க. சேலம் ஒண்ணும் சீமையில இல்லை. இறங்கி அடுத்த வண்டி பிடிச்சா ஷிப்டுக்குள்ள போய்ச் சேர்ந்துடுவேன். ஊசி இருக்குது, சர்டிபிகேட் இருக்குது. நீங்க பேசினது எனக்கு நல்லாக் கேட்டுச்சு பாருங்க, வழி பூரா. வலது பக்கம் உட்கார்ந்ததால. காத்து இந்தப் பக்கம் அடிச்சதால.

கடலை தீர்ந்துடுச்சா? அந்தத் தாளை வெளியே எறிஞ்சுடலையே? கசங்கியிருந்தாப் பரவாயில்லை, இப்படிக் குடுங்க. நம்பர் தெரியுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நல்லதாப் போச்சு.

எனக்கு எதுக்குங்க? காசிம் பாய்க்குக் குடுக்கலாம்னு. பாவம், அவருக்கு இப்பெல்லாம் இல்லாத சத்தமெல்லாம் கேட்குது.